பெயரை மறைச்சிட்டு வாளைப் படிங்க: ஜப்பானிய வாள்களும் அவற்றை மதிப்பிட்டவர்களும்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு போட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரு நீளமான மேசை. மேலே துணி விரிச்சிருக்கு. அதில் ஐந்து பழைய வாள்கள். உறை கிடையாது, அலங்காரம் கிடையாது, வெறும் எஃகு. ஒவ்வொரு வாளிலும் பிடிக்குள் செருகப்படும் அடிப்பகுதியை மட்டும் மூடி வச்சிருப்பாங்க. ஏன்னா கொல்லர் தன் பெயரை வெட்டுறது அங்கேதான். நீங்க வரிசையில் வந்து, வாளுக்கு ஒரு வணக்கம் வச்சு, கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்க்கணும். பேசக் கூடாது, ஏன்னா எச்சில் துளி ஒண்ணு பட்டாலும் துரு பிடிக்கும். பார்த்து முடிச்சதும் ஒரு சீட்டில் ஒரே ஒரு பெயர் எழுதி நடுவர்கிட்ட கொடுக்கணும்: இந்த வாளைச் செஞ்சது யார்?

எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஒரு கொல்லரோட பெயர். ஆயிரக்கணக்கான கொல்லர்களில் ஒருவர்.

சரியா இருந்தா நடுவர் 'அத்தாரி'ன்னு எழுதுவார். அந்த ஆள் இல்லை, ஆனா அவர் பட்டறைக்கு ரொம்ப நெருக்கமான ஆள்னா 'தோசென்', அதாவது கிட்டத்தட்ட சரி, மதிப்பெண் உண்டு. தப்புன்னா 'இயா'. இல்லைன்னு அர்த்தம். வழக்கமா மூன்று வாய்ப்பு. இந்த மாதிரி மதிப்பிடுறதுக்கு ஜப்பானியப் பெயர் 'கான்தேய்'. வாள் படிக்கிற எல்லாரும் இப்படித்தான் பழகுறாங்க.

நான் பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. யாரோ எழுதின பழைய ஃபைல் ஒண்ணைத் திறந்தா, 'கிட் பிளேம்' போட்டா போதும், எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினாங்கன்னு வந்துடும். கான்தேய்ல அந்த கமாண்ட் கிடையாது. கோடு மட்டும்தான் இருக்கு. ஸ்டைலைப் பார்த்தே ஆளைச் சொல்லணும்.

'இதென்ன, பணக்காரங்க பொழுதுபோக்கா?'ன்னு கேட்கலாம். நான் இதை எடுத்ததுக்குக் காரணம் வேற. ஒரு பொருளில் கையெழுத்து இல்லாம போனா, அது யாருடையதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? 'தெரியும்'னு சொல்றவரை எந்த அளவுக்கு நம்பலாம்? இந்தக் கேள்விக்கு மனுஷங்க நாலு நூற்றாண்டுக்கு மேல உட்கார்ந்து பதில் தேடின இடம் ஜப்பானிய வாள்.

முதலில் வடிவம்

வாள் படிக்கிறவர் முதலில் பார்ப்பது கூர்மையை இல்லை, நிழலுருவத்தை. வாளை நேராக நிமிர்த்திப் பிடித்து, வளைவு எங்கே இருக்கிறது, அடியிலிருந்து நுனிக்கு அகலம் எவ்வளவு குறைகிறது, நுனி சின்னதா பெருசா என்று பார்ப்பார்.

12-ஆம் நூற்றாண்டு வாள் என்றால் வளைவு பிடிக்குப் பக்கத்திலேயே ஆழமாக இருக்கும், நுனி குட்டியாக இருக்கும். குதிரை மேலிருந்து வீசுகிற வாள் அது. 'தாச்சி' என்று பெயர். வெட்டும் விளிம்பு கீழே பார்க்க, இடுப்பிலிருந்து தொங்கும். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜப்பானில் இரண்டு அரசவைகள் மோதிக்கொண்ட காலத்தில் வாள் ராட்சத அளவுக்கு வளர்ந்தது. தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டிய வாள்களும் வந்தன, நுனியும் நீண்டது. பிறகு தரையில் நின்று சண்டை போடும் காலம் வந்தது. வாள் குட்டையானது, விளிம்பு மேலே பார்க்க இடுப்புக் கச்சையில் செருகப்பட்டது. நாம சினிமாவில் பார்க்கிற 'கத்தானா' அதுதான். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், நாட்டில் அமைதி வந்த பிறகு செய்த வாள்கள் பலவற்றில் வளைவே ரொம்பக் குறைவு.

அதாவது, சண்டை மாறினால் வாள் மாறும். அதனால் வடிவத்தைப் பார்த்தாலே ஐம்பது, நூறு வருஷ இடைவெளிக்குள்ள காலத்தைக் குறிச்சிடலாம். முதல் ஃபில்டர் முடிஞ்சது.

எஃகின் தோலும் ஹாமோனும்

இரண்டாவது ஃபில்டர், எஃகோட தோல்.

ஜப்பானிய வாளுக்கான எஃகு 'தமஹகானே'. ஆற்று மணலோடும் மலை மண்ணோடும் கலந்திருக்கிற இரும்பு மணலை எடுத்து, 'தத்தாரா' என்கிற களிமண் உலையில் கரியோடு சேர்த்து மூன்று பகல், மூன்று இரவு எரிப்பார்கள். கடைசியில் உலையையே உடைத்துத்தான் எஃகை வெளியே எடுக்க வேண்டும். அந்த எஃகு எல்லா இடத்திலும் ஒரே தரமாக இருக்காது. அதைச் சமப்படுத்தத்தான் கொல்லர் அடித்து, மடித்து, மறுபடி அடிக்கிறார். 'ஆயிரம் முறை மடிச்ச வாள்'னு இணையத்தில் பார்த்திருப்பீங்க. அது மடிப்போட எண்ணிக்கை இல்லை, அடுக்கோட எண்ணிக்கை. பத்து முறை மடிச்சாலே அடுக்கு ஆயிரத்தைத் தாண்டிடும். இரண்டின் பத்தாம் அடுக்கு 1024. நம்ம துறை ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்த மடிப்பு வாளின் பரப்பில் மரத்தின் இழை மாதிரி ஒரு கோலமாகத் தெரியும். நாரா நகரத்துக் கோயில்களைச் சார்ந்திருந்த யமாதோ மரபில் நேர்க்கோட்டு இழை அதிகம். மற்ற மரபுகளில் பலகையின் வளைந்த இழை மாதிரி இருக்கும். யமாஷிரோ, யமாதோ, பிசென், சோஷூ, மினோ என்று ஐந்து பெரிய மரபுகள். ஒவ்வொன்றும் ஒரு ஊர், ஒரு பழக்கம்.

மூன்றாவது ஃபில்டர்தான் ராஜா: 'ஹாமோன்'. வாளின் விளிம்பை ஒட்டி வெள்ளையாக அலை அலையாக ஓடுகிற கோடு. அது வரைந்தது இல்லை. கொல்லர் வாள் மேல் களிமண் பூசுவார், முதுகில் தடிமனாக, விளிம்பில் மெல்லிசாக. அப்புறம் இருட்டில், நெருப்பின் நிறத்தை மட்டும் பார்த்துக் காய்ச்சி, ஒரே முழுக்காகத் தண்ணீரில் தோய்ப்பார். விளிம்பு சட்டென்று குளிரும், கடினமான மார்டென்சைட் ஆகும். முதுகு மெதுவாகக் குளிரும், மென்மையாகவே இருக்கும். இரண்டும் சந்திக்கிற எல்லைக்கோடுதான் ஹாமோன். கடினமாகும் விளிம்பு கொஞ்சம் விரிவதால் வாளின் வளைவும் அந்த நொடியில் கூடும். அதே நொடியில் விரிசல் விட்டால், பல நாள் உழைப்பு குப்பை.

அந்த எல்லைக்கோட்டை உற்றுப் பார்த்தால், சில வாள்களில் தனித்தனியாக மின்னும் மணிகள் தெரியும். அது 'நியே'. சிலவற்றில் மணி தெரியாது, பனி மாதிரி ஒரு வெண்மை மட்டும். அது 'நியோய்'. பிசென் மரபின் 13-ஆம் நூற்றாண்டு வாள்களில் நியோய் ஆதிக்கம், கோடு கிராம்பு மொட்டுகளை அடுக்கி வைத்த மாதிரி. சோஷூ மரபில் நியே தெறிக்கும், நடுவில் மின்னல் கீற்று மாதிரி கோடுகள் ஓடும்.

வடிவம் காலத்தைச் சொல்லுது, தோல் ஊரைச் சொல்லுது, ஹாமோன் கையைச் சொல்லுது. மூணும் ஒரே ஆளைக் காட்டினா சீட்டில் எழுதலாம். ஒண்ணு மட்டும் ஒத்துவரலைன்னா, ஏதோ தப்பு இருக்கு.

வெட்டி எறியப்பட்ட கையெழுத்து

சரி, இவ்வளவு கஷ்டம் எதுக்கு? போட்டியில மறைச்சு வைக்கிறாங்க, வெளியில துணியை எடுத்துட்டு பெயரைப் படிச்சா போதாதா?

போதாது. முதல் காரணம், பெயரே இல்லை.

14-ஆம் நூற்றாண்டு ராட்சத வாள்கள் இருந்தனவே, 16-ஆம் நூற்றாண்டில் அவற்றை யாராலும் வசதியாக இடுப்பில் செருக முடியவில்லை. என்ன செய்வது? வெட்டினார்கள். நுனியை வெட்டினால் வாள் நாசம், அதனால் அடிப்பக்கத்திலிருந்து. வாளை மேலே தள்ளி, பழைய அடிப்பகுதியை அறுத்து எறிந்து, கூரான பகுதியின் கொஞ்சத்தைப் புது அடிப்பகுதியாக மாற்றினார்கள். அறுத்து எறிந்த துண்டோடு கொல்லரின் பெயரும் போனது.

சிலர் மட்டும் பெயர் உள்ள துண்டைத் தனியாக வெட்டி, புது அடிப்பகுதியில் பதித்து வைத்தார்கள். சிலர் பெயர் உள்ள பகுதியை மெல்லிசாக்கி மடித்து வைத்தார்கள். பல பேர் அதைக்கூடச் செய்யவில்லை. அவர்களுக்கு அது அருங்காட்சியகப் பொருள் இல்லையே, நாளைக்குச் சண்டைக்கு எடுத்துப் போக வேண்டிய கருவி.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாட்டின் மிகச் சிறந்த வாள்கள் பலவற்றில் பெயர் இல்லை. அதே சமயம் அந்த வாள்கள் பரிசாகவும் லஞ்சமாகவும் போர்க்கூலியாகவும் கைமாறுகின்றன. பெயர் இல்லாமல் விலை எப்படிச் சொல்வது?

இங்கேதான் ஹோனாமி குடும்பம் வருகிறது. கியோட்டோவில் தலைமுறை தலைமுறையாக வாளைத் தீட்டியவர்கள், சுத்தம் செய்தவர்கள், மதிப்பிட்டவர்கள். ஓவியம், எழுத்தணி, மண்பாண்டம் எல்லாவற்றிலும் பெயர் எடுத்த ஹோனாமி கோயெத்சு இந்தக் குடும்பத்து ஆள்தான். தொயோதொமி ஹிதெயோஷி காலத்தில் ஹோனாமி கோதோகு சொன்னால் அதுதான் முடிவு. தன் முடிவைச் சில வாள்களின் அடிப்பகுதியில் தங்கத்தாலேயே பதித்தார்கள். பெரும்பாலும் ஒரு தாளில் எழுதி, மடித்துக் கொடுத்தார்கள். மடித்த தாள், 'ஒரிகாமி'. ஆமாம், காகிதக் கொக்கு செய்கிற அதே சொல். அந்தத் தாளில் கொல்லர் பெயர் மட்டுமல்ல, இத்தனை தங்கக் காசு என்று விலையும் இருக்கும். இன்னைக்கும் ஜப்பானிய மொழியில் ஒரு விஷயத்துக்கு முழு உத்தரவாதம் இருக்குன்னு சொல்ல 'ஒரிகாமி ஒட்டினது'ன்னு சொல்லுவாங்க.

1719-இல் எட்டாவது ஷோகன் தொகுகாவா யோஷிமுனேயின் ஆணைப்படி, நாட்டின் புகழ்பெற்ற வாள்களின் பட்டியல் ஒன்றை ஹோனாமி குடும்பம் தொகுத்துக் கொடுத்தது. 'கியோஹோ மெய்புத்சுச்சோ'. அதில் உச்சத்தில் மூன்று பேர்: யோஷிமித்சு, மசாமுனே, கோ யோஷிஹிரோ. இந்த மூன்றாவது ஆளை கவனிங்க. கோ யோஷிஹிரோ கையெழுத்திட்ட வாள் என்று நம்பத் தகுந்த ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றுகூட! ஜப்பானில் ஒரு பழமொழியே உண்டு: பேயையும் கோ-வையும் பார்த்தவன் இல்லை.

மசாமுனே கதையும் கிட்டத்தட்ட அதுதான். ஜப்பானின் மிகப் பெரிய கொல்லர் என்று புகழப்படும் அவருடைய கையெழுத்தோடு மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில குறுவாள்கள். மீதி எல்லாம், மசாமுனேயுடையது என்று மதிப்பிடப்பட்டவை. மெய்ஜி காலத்தில் ஒரு விவாதம் கிளம்பியது. 'மசாமுனே அவ்வளவு பெரிய ஆளே இல்லை, ஹிதெயோஷிக்குப் பரிசு கொடுக்க நிறைய வாள் தேவைப்பட்டது, ஹோனாமிகள் பெயரைத் தூக்கிவிட்டார்கள்' என்று. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஆனா அந்தக் கேள்வி நியாயமானது. வாளைத் தீட்டுறதும் அவங்க, மதிப்பிடுறதும் அவங்க, விலை போடுறதும் அவங்க, வாடிக்கையாளரோ நாட்டை ஆளுறவர். டெவலப்பரே டெஸ்ட் பண்ணி, டெவலப்பரே அப்ரூவ் பண்ணின மாதிரி.

ஆனாலும் நான் ஹோனாமிகள் பக்கம் கொஞ்சம் பேசணும். அவங்க இல்லைன்னா அந்த வாள்களின் வரலாறே இல்லை. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எங்கே எரிந்தது என்று எழுதி வைத்தவர்கள் அவர்கள். அந்தப் பட்டியலில் அழிந்துபோன வாள்களுக்கும் இடம் இருக்கிறது. 1615-இல் ஓசாகா கோட்டை விழுந்தபோது எரிந்தவை, 1657-இல் எதோ நகரையே விழுங்கிய மெய்ரெகி தீயில் போனவை. இல்லாத ஒன்றையும் பட்டியலில் வைத்திருப்பது பெரிய நேர்மை.

தீ என்ன செய்யும் தெரியுமா? வாள் உருகிவிடாது. ஆனால் சூட்டில் விளிம்பின் கடினம் போய், ஹாமோன் அழிந்துவிடும். வடிவம் இருக்கும், உயிர் இருக்காது. ஓசாகாவில் எரிந்த சில பெருவாள்களை தொகுகாவா இயேயாசு தன் கொல்லர் எச்சிசென் யாசுத்சுகுவிடம் கொடுத்து மறுபடி தோய்க்கச் சொன்னார். ஹாமோன் வந்தது. ஆனால் அது யாசுத்சுகுவின் ஹாமோன். பழைய ஆள் எழுதின வரியை அழிச்சிட்டுப் புது ஆள் எழுதின மாதிரி.

இதே யாசுத்சுகு தன் வாள்களில் 'நன்பான் இரும்பு கொண்டு செய்தது' என்று வெட்டி வைத்தார். நன்பான் என்றால் தெற்கிலிருந்து கப்பலில் வந்த வெளிநாட்டார். ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுவந்த அந்த எஃகு எங்கே உருவானது என்ற விவாதத்தில் இந்தியாவின் பெயரும் அடிபடுகிறது.

பெயர் இருந்தாலும் நம்பாதே

இரண்டாவது காரணம், போலி.

நாகாசோனே கொதெத்சு, 17-ஆம் நூற்றாண்டு. முதலில் கவசம் செய்தவர். ஐம்பது வயசு வாக்கில்தான் வாள் செய்ய வந்தார். வெட்டுவதில் அவர் வாளுக்கு இணை இல்லை என்று பெயர். விளைவு, கொதெத்சு பெயரைப் பார்த்தால் போலி என்றே நினை என்று ஒரு சொலவடை வரும் அளவுக்குப் போலிகள். 1860-களில் கியோட்டோவில் ஷின்சென்குமி படையின் தலைவர் கோந்தோ இசாமி பெருமையாக வைத்திருந்த கொதெத்சுகூட, உண்மையில் கியோமாரோ என்ற கொல்லரின் வாளில் கள்ளப் பெயர் வெட்டியது என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையில் ஒரு அழகு இருக்கு பாருங்க. கியோமாரோவும் மகா கொல்லர். இன்னைக்கு அவர் வாள் கோடிகளுக்குப் போகும். நல்ல வாளை, வேற பெயர் போட்டு வித்திருக்காங்க.

அதனால்தான் வாள் படிக்கிறவர் பெயரைக் கடைசியில் பார்க்கிறார். முதலில் எஃகிடம் கேட்டு, அப்புறம் பெயரிடம் கேட்டு, இரண்டு சாட்சியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். உளி ஓடிய விதம், அரம் போட்ட கோட்டின் சாய்வு, ஆணித்துளைகளின் எண்ணிக்கை, எல்லாம் சாட்சி.

எல்லாவற்றையும்விட முக்கியமான சாட்சி, துரு. வாளின் மற்ற பகுதியில் துரு நோய். அடிப்பகுதியில் மட்டும் அது ஆவணம். பல நூற்றாண்டுத் துரு கருஞ்சாக்லேட் நிறத்தில், மழுமழுவென்று இருக்கும். அவசரமாக உண்டாக்கின துரு சிவப்பாக, சொரசொரப்பாக இருக்கும். பழைய துருவின் மேலே புதிதாக வெட்டின பெயர் என்றால், உளி போன பள்ளத்தில் அது காட்டிக்கொடுக்கும்.

1945

1876-இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. கொல்லர்கள் பலர் கத்திரிக்கோலும் சமையலறைக் கத்தியும் செய்யப் போனார்கள். ஆனால் வாளுக்கு உண்மையான சாவு கிட்ட வந்தது 1945-இல்.

தோற்ற ஜப்பானை ஆண்ட அமெரிக்கப் படை, எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொன்னது. துப்பாக்கியும் ஆயுதம், வாளும் ஆயுதம். ஆலையில் எந்திரம் செய்த ராணுவ வாளும், 13-ஆம் நூற்றாண்டு யமாஷிரோ வாளும் ஒரே குவியலில் விழுந்தன. எத்தனையோ வாள்கள் உருக்கப்பட்டன, கடலில் கொட்டப்பட்டன, சிப்பாய்களின் பெட்டியில் நினைவுப்பொருளாகக் கப்பல் ஏறின.

தொகுகாவா குடும்பம் தன்னிடம் இருந்த வாள்களை தோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தது. அதில் ஒன்று ஹோன்ஜோ மசாமுனே. ஷோகன்களின் சொத்தாக இருந்தது, 1939-இலேயே தேசியப் பொக்கிஷம் என்று அறிவிக்கப்பட்டது. ஓர் அமெரிக்க சார்ஜென்ட் எடுத்துப்போனதாகச் சொல்லப்படுகிறது. அன்றைக்குப் போனது, இன்று வரை திரும்பவில்லை. அதிலும் கையெழுத்து கிடையாது. ஏதோ ஒரு வீட்டுப் பரணில் கிடந்தாலும், அதைப் படிக்கத் தெரிந்தவர் கண்ணில் படாதவரை அது வெறும் பழைய வாள்.

அந்த நேரத்தில் ஹோன்மா ஜுன்ஜி என்ற வாள் ஆய்வாளர், அமெரிக்க எட்டாவது ராணுவத்தின் கர்னல் கேட்வெல்லிடம் போனார். வாள்களைக் காட்டி, வடிவத்தை, தோலை, ஹாமோனை விளக்கினார். எல்லா வாளும் ஒன்றில்லை, ஒருபக்கம் ஆயுதம், மறுபக்கம் கலைப்பொருள், பிரிக்க முடியும் என்பதுதான் வாதம். கேட்வெல் ஏற்றுக்கொண்டார். கலை மதிப்புள்ள வாள்களை வைத்திருக்க அனுமதி வந்தது. வல்லுநர்கள் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு வாளாகப் பார்த்தார்கள். தோக்கியோவின் அகாபானே கிடங்கில் குவிந்தவற்றிலிருந்தே சில ஆயிரம் வாள்கள் மீட்கப்பட்டன. 1948-இல் ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் உருவானது. இன்று உலகம் முழுக்க சேகரிப்பவர்கள் நம்பும் சான்றிதழ்களைத் தருவது அதுதான். 1977-இல் ஷிமானே மாநிலத்தின் ஒகுயிசுமோவில் தத்தாரா உலையை மறுபடி ஏற்றியதும் அவர்களே.

அதாவது, போட்டி மாதிரி தெரிகிற அந்தக் கான்தேய் அறிவுதான் 1945-இல் வாள்களைக் காப்பாற்றியது. 'இது வேற, அது வேற'ன்னு யாராலும் காட்ட முடியலைன்னா, எல்லாம் உலைக்குப் போயிருக்கும்.

ஆனா ஒரு நிமிஷம்

இந்தக் கதையை இங்கேயே முடிச்சா சுகமா இருக்கும். முடிக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

அந்த வாள்கள் ஏன் குவியலுக்கு வந்தன? அவை போரில் இருந்தன. ஜப்பானிய ராணுவ அதிகாரிகள் தங்கள் வாளைத் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவை ஆலை வாள்கள். ஆனால் சிலர் வீட்டிலிருந்த மூதாதையர் வாளை எடுத்து ராணுவப் பிடியும் உறையும் மாட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்கள். மலாயாவுக்கும் வந்தார்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனபோது, மேற்பார்வை பார்த்த அதிகாரியின் இடுப்பில் இருந்ததும் ஒரு வாள்தான். அங்கே செத்துப்போன நம்ம ஆளுங்களோட பெயர் முழுசா எந்தப் பட்டியலிலும் இல்லை. 700 வருஷத்துக்கு முந்தின கொல்லரின் பெயரைக் கண்டுபிடிக்க இவ்வளவு நுணுக்கமான முறை இருக்கு. 80 வருஷத்துக்கு முன்னாடி செத்த கூலியின் பெயரைக் கண்டுபிடிக்க?

அதனால வாளை வெறுக்கணும்னு சொல்லலை. 'கலைப்பொருள்'ங்கிற சொல் வாளைக் காப்பாத்தினது நிஜம். அதே சொல் அது என்ன செஞ்சதுங்கிறதை மறக்கவும் வைக்கும். ஒரே பொருளில் ரெண்டும் இருக்கு. படிக்கிறவங்க ரெண்டையும் படிக்கணும்.

இன்னைக்குச் சேகரிக்கிறவங்க

இன்று ஜப்பானில் ஒரு வாள் வைத்திருக்க, துப்பாக்கி லைசென்ஸ் மாதிரி ஆளுக்கு லைசென்ஸ் இல்லை, வாளுக்குத்தான் பதிவுச் சீட்டு. மாநிலக் கல்வி வாரியம் கொடுக்கும். காவல்துறை இல்லை, கல்வி வாரியம்! பாரம்பரிய முறையில் செய்த வாளுக்கு மட்டுமே பதிவு. எந்திரத்தில் செய்த போர்க்கால வாளுக்குக் கிடையாது.

சங்கத்தின் சான்றிதழ்கள் நாலு படி: ஹோசோன், தொகுபெத்சு ஹோசோன், ஜுயோ, தொகுபெத்சு ஜுயோ. படி ஏற ஏற விலையும் ஏறும். அதனால் தாளைத் துரத்துகிறவர்களும் உண்டு. மூத்த சேகரிப்பாளர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்: வாளை வாங்கு, தாளை வாங்காதே. இரண்டாவது: வாள் வாங்கும் முன் புத்தகம் வாங்கு.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: எதையும் நீயே சரிசெய்யாதே. தீட்டுகிற ஒவ்வொரு முறையும் எஃகு குறைகிறது. பயிற்சி பெற்ற கலைஞர் ஒருவர் கரடான கல்லில் ஆரம்பித்து, கடைசியில் விரல் நுனியில் ஒட்டும் மெல்லிய கல் வரை வாரக்கணக்கில் தீட்டுவார், அதுவும் தேவையான அளவு மட்டும். அளவுக்கு மீறினால் மேல்தோல் தேய்ந்து உள்ளே இருக்கும் மென்மையான எஃகு எட்டிப் பார்க்கும். 'களைத்த வாள்' என்பார்கள். அதைத் திருப்பிக் கொண்டுவர வழி கிடையாது. அதைவிட மோசம், அடிப்பகுதியின் துருவைச் சுரண்டுவது. தாத்தா போரிலிருந்து கொண்டுவந்த வாளை ஆசையாகப் பளபளக்கத் தேய்த்து, 600 வருஷச் சாட்சியை ஒரே மதியத்தில் அழித்தவர்கள் ஏராளம். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. அழுக்கு என்று நினைத்தார்கள்.

பேக்அப் இல்லாத டேட்டாபேஸ்ல 'க்ளீன்அப்' ஸ்கிரிப்ட் ஓட்டுற எல்லாரும் இந்த வரியை ஒருமுறை நினைச்சுக்கங்க.

இந்த ஆர்வம் வயசானவங்களோட போயிடும்னுதான் ரொம்ப நாள் பயந்தாங்க. 2015-இல் 'தோகென் ரன்பு'ன்னு ஒரு ஆன்லைன் கேம் வந்தது. புகழ்பெற்ற வாள்கள் எல்லாம் அழகான இளைஞர்களா வருவாங்க. அதை விளையாடின இளம்பெண்கள் அருங்காட்சியகத்தில் வரிசை கட்டினார்கள். முதலில் கதாபாத்திரத்தைப் பார்க்கப் போனவர்கள், அப்புறம் ஹாமோனைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

2020-இல் ஒகாயாமா மாநிலத்தின் செத்தோஉச்சி என்ற சின்ன நகரம், நாடெங்கும் நன்கொடை திரட்டி ஒரு வாளை வாங்கியது. தேசியப் பொக்கிஷமான 'சஞ்சோமோ'. விலை 50 கோடி யென். ஒருகாலத்தில் உயெசுகி குலத்தின் கையில் இருந்த வாள். 13-ஆம் நூற்றாண்டில், அந்த நகரம் இருக்கும் அதே பழைய பிசென் நாட்டில் பிறந்த வாள். ஊர்ப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த மாதிரி.

அந்த வாளிலும் கொல்லர் பெயர் இல்லை. இச்சிமோன்ஜி பட்டறை வேலை என்று மட்டும் சொல்வார்கள். அதைச் செய்த மனுஷன் யாருன்னு யாருக்கும் தெரியாது. ஆனா அவர் கை எப்படி இருந்ததுன்னு, ஹாமோனைப் பார்க்கத் தெரிஞ்ச ஒவ்வொருத்தருக்கும் தெரியும்.

அடுத்த முறை ஏதாவது அருங்காட்சியகத்தில் ஒரு பழைய பொருள் முன்னாடி நின்னீங்கன்னா, ஒரு சின்னப் பயிற்சி. பக்கத்தில் இருக்கும் பெயர்ப் பலகையை உடனே படிக்காதீங்க. ரெண்டு நிமிஷம் பொருளை மட்டும் பாருங்க. காலம் என்ன, ஊர் என்ன, செஞ்ச கை எப்படிப்பட்டதுன்னு மனசுக்குள்ள ஒரு சீட்டு எழுதுங்க. அப்புறம் பலகையைப் படிங்க. முதல் பத்து முறை 'இயா'தான் வரும். பரவாயில்லை, எல்லாரும் அங்கேயிருந்துதான் ஆரம்பிச்சாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.